தாயின் உணவும் சேயின் எடையும்

குழந்தை பிறந்ததும் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி, ஆணா பெண்ணா என்பது. மருத்துவமனையிலோ முதலில் எடை என்ன என்றுதான் கேட்கிறார்கள். தராசில் 2,500 கிராமுக்குக் குறைந்து நிற்கும் சேயை, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, எடை குறைந்த குழந்தை என்று பதிவு செய்கிறார்கள். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அப்படிப் பிறந்த குழந்தையை முதல் மாதத்திலேயே நோய் எளிதில் பற்றுகிறது. பிழைத்து வளர்ந்தாலும் நடுவயதில் நீரிழிவும் இதயநோயும் அதை நாடி வருகின்றன. ஆகவே அந்தத் தராசு முள் பிறந்த குழந்தையை மட்டும் நிறுப்பதன்று. பத்து மாதம் சுமந்த தாயின் தட்டில் என்ன விழுந்தது என்பதையும் ஓரளவு நிறுத்துக் காட்டுகிறது.

இக்காலத்தில் இப்பொருள் பற்றிய அரசாங்க அறிக்கைகளில் 'பதப்படுத்திய உணவு' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. அறிக்கைகளைத் தமிழாக்குவதே தொழிலாக உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அச்சொல் ஒரு சங்கடத்தைத் தருவதுண்டு. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தினால் அதுவும் பதப்படுத்தியதுதான். அதே நெல்லை ஆலையில் கொடுத்துத் தவிடெல்லாம் போக மல்லிகைப்பூப் போல் தீட்டினால் அதுவும் பதப்படுத்தியதுதான். ஆனால் முதலாவது அரிசி பல தலைமுறைத் தாய்மாரைக் காத்தது. இரண்டாவது அரிசி பச்சிளங் குழந்தைகளைக் கொன்றது. இரண்டையும் ஒரு சொல்லில் அடைக்கலாமா? இக்கேள்விக்கு விடை சொல்லும் வரலாற்றைத்தான் சிறிது பார்க்கப் போகிறோம். அதன் பெரும்பகுதி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். குழந்தை கனமாகப் பிறக்க வேண்டும் என்ற எண்ணம் பழமையானதன்று. நம் நாட்டின் பல பகுதிகளில், 'நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டப்படும்' என்று கர்ப்பிணிகளைக் குறைத்து உண்ணச் சொல்லும் வழக்கம் இருந்தது. சில இடங்களில் இன்றும் இருக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1889-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் புரொகோவ்னிக் என்ற மருத்துவரே இதைத்தான் செய்தார். எலும்பு நோயால் இடுப்பு குறுகிய பெண்களுக்கு, மாவுப்பொருளையும் நீரையும் குறைத்த உணவை விதித்துச் சிறிய குழந்தை பிறக்கும்படி பார்த்தார். வயிற்றைக் கிழித்து எடுக்கும் சிகிச்சை ஆபத்தாயிருந்த காலத்தில், சிறிய குழந்தைதான் தாயின் உயிருக்குக் காப்பு. ஆபத்து நீங்கிய பின்னும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

இனி அரிசியின் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திர ஆலைகள் கிழக்கு நாடுகளெங்கும் பரவின. உலக்கை ஓய்ந்தது, அரிசி வெளுத்தது. கூடவே கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளரும் பெரிபெரி நோயும் பரவியது. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். அதன் பொருட்டு 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரத்தில் நிலைமை இன்னும் கொடியது. அங்கே தாய் நடமாடிக்கொண்டிருப்பாள். அவளிடம் பால் குடிக்கும் மூன்று நான்கு மாதக் குழந்தை திடீரென்று நீலம் பாய்ந்து இறந்துபோகும். தீட்டிய அரிசி உண்ட தாயின் உடலில் அச்சத்து குறைந்துபோய், அவள் பாலிலும் அது இல்லாமற் போனதே காரணம். ஆலைக்காரர் கழித்த தவிட்டிலிருந்து வடித்த சாற்றைக் கொடுத்தபோது, சாகும் தறுவாயிலிருந்த குழந்தைகள் பிழைத்தன.

நம் நாட்டில் அன்றைய சென்னை மாகாணத்து வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது ஆந்திரக் கடற்கரையில், இந்நோய் ஊன்றியிருந்தது. அங்கே உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. அதே மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் ஏழைகள் புழுங்கலரிசி உண்டார்கள். பெரிபெரி அங்கே அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுத் தோலிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முற்றும் போவதில்லை. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய அய்க்ராய்டு முதலியோர் இதை 1930-களிலும் 1940-ஐ ஒட்டியும் விளக்கிக் காட்டினார்கள். பாட்டிமார் அறியாமற் செய்த பக்குவம் ஒரு பெரிய நோயைத் தடுத்து நின்றது.

குன்னூர் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்கு ஊட்டிப் பார்ப்பது அவர் கையாண்ட முறை. முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பருப்பு, பால், பச்சைக் காய்கறி என்று பஞ்சாப் உழவர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும், தற்செயலான விபத்துக்கள் நீங்கலாக, அவற்றில் தாய்ச் சாவோ குட்டிச் சாவோ இல்லை என்று அவர் எழுதினார். வேறொரு கூட்டத்துக்கு, இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி உண்ணும் வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை மிகுந்த தேநீர், வேகவைத்த கோசும் கிழங்கும், டப்பா இறைச்சி, ஜாம் ஆகியவற்றைக் கொடுத்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றின, ஒன்றோடொன்று பூசலிட்டன, வலியவை மெலியவற்றைக் கொன்று தின்னவும் தலைப்பட்டன. ஆலை உணவைப் பற்றி இன்று நாம் கேட்கும் எச்சரிக்கை, நீலகிரி மலையில் அன்றே ஒலித்துவிட்டது.

மெக்காரிசனின் எலிகளை விட்டு, இப்போது பம்பாய் நகரத்துத் தாய்மாரிடம் வருவோம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி அந்நகரத்துக்கு வந்தார். 1888-இல் பிறந்தவர்; கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றவர். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1948-இல்தான் வழங்கத் தொடங்கியது. பிறகு லண்டனில் மருத்துவம் பயின்று 1920-இல் தேறினார். பிரசவத்தில் தாய்மார் இறப்பதன் காரணத்தை ஆராய மார்கரெட் பால்ஃபர் அம்மையார் முன்னின்று நடத்திய பணியில், கர்ப்பிணிகளின் கொடிய இரத்தசோகையை ஆராய்வது வில்ஸின் பங்கு. லேடி டாட்டா நினைவு அறநிதி பொருளுதவி செய்தது. ஹாஃப்கின் நிலையம் இடமளித்தது.

அந்தச் சோகை விசித்திரமானது. சாதாரணச் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும். இதில் அளவுக்கு மிஞ்சிப் பருத்து, எண்ணிக்கையில் மிகக் குறைந்திருந்தன. இரும்புச்சத்து கொடுத்தும் பயனில்லை. கருவின் பிற்பகுதியில் தோன்றி, தாயையும் சேயையும் ஒருங்கே வாரிச் சென்றது. கிருமியாயிருக்குமோ என்று பலரும் ஐயுற்றார்கள். வில்ஸ் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. அந்தப் பெண்கள் வாழும் நெருக்கமான குடியிருப்புகளுக்குச் செய்தி திரட்ட ஏற்பாடு செய்து, யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்கச் செய்தார். அவருடன் உழைத்தவர்களில் இந்தியப் பெண்மணிகளும் இருந்தார்கள். நோய் மிகுந்திருந்தது ஏழை முஸ்லிம் மாதரிடம். வசதியுள்ள குடும்பத்துப் பெண்களிடம் அது அரிது. தட்டுக்களை ஒப்பிட்டபோது உண்மை புலப்பட்டது. ஏழைகளின் உணவில் பால், பழம், கீரை, காய்கறி எல்லாம் மிகக் குறைவு. ஆகவே நோயின் வேர் மதத்திலோ வகுப்பிலோ இல்லை, வறுமையில் இருந்தது.

வில்ஸ் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அத்தகைய உணவையே ஊட்டி ஆராய்ந்தார். 1929-இல் சில மாதங்கள் குன்னூரில் பணி செய்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில், இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். பல பொருள்களைச் சோதித்த பின், நோயுற்ற விலங்குகளைத் தேற்றியது மார்மைட் என்ற கரிய பசை. மார்மைட் என்பது என்ன? பீர் காய்ச்சும் சாலையில் வேலை முடிந்தபின் கழியும் ஈஸ்ட்டைச் சாறாக்கி, இங்கிலாந்தில் 1902 முதல் ஜாடியில் அடைத்து விற்ற மலிவான பண்டம். அதை நோயாளிப் பெண்களுக்குக் கொடுத்தார். சில நாள்களில் பசி மீண்டது. குருதியில் புதிய சிவப்பணுக்கள் பெருகின. இறப்பை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஈரலின் சாறும் குணமளித்தது. ஆனால் அதன் விலை ஏழைக்கு எட்டாது. 1931 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. அந்தப் பசையில் என்ன சத்து இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆதலால் உலகம் அதை 'வில்ஸ் பொருள்' என்று அழைத்தது.

அந்தப் பொருளுக்குப் பெயரும் உருவமும் கிடைத்த கதை நம் மண்ணோடு வியப்பூட்டும் வகையில் பிணைந்தது. 1941-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸில், நாலு டன் பசலையினக் கீரையைக் கசக்கிப் பிழிந்து, அந்தச் சத்தின் சிறு பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அக்குழுவின் தலைவர் ரோஜர் வில்லியம்ஸ், 1893-இல் உதகமண்டலத்தில் பிறந்தவர். மணிலாவில் தவிட்டுச் சாற்றைக் கொண்டு ஆராய்ச்சி செய்து, பெரிபெரியைத் தடுக்கும் பி-1 வைட்டமினை 1936-இல் செயற்கையாக ஆக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் அவருடைய தமையனார். 1886-இல் நெல்லூரில் பிறந்தவர். 1945-இல் ஃபோலிக் அமிலத்தையும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது லெடர்லி நிறுவனத்துக் குழு. அதற்கு வழிகாட்டியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, உடன்பிறந்தாரைக் கொடிய குடல்நோய்க்கு இழந்தவர். பம்பாயில் பெண்கள் பட்ட துன்பத்துக்கு மருந்து ஒரு மாத்திரையாக உருப்பெற்றது.

குழந்தையின் எடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கருவில் ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும்போது ஒவ்வொரு பிரிவுக்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் தாயின் குருதியணுவும் முதிராது. சேயின் உடலும் நஞ்சுக்கொடியும் செவ்வனே வளரா. ஆனால் எடையை ஒரு சத்து மட்டும் நிர்ணயிப்பதில்லை. இரண்டாம் உலகப்போர் இதைக் கொடிய முறையில் விளக்கியது. முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை அரைக் கிலோவுக்கு மேல் வீழ்ந்தது. 1944-45 குளிர்காலத்தில் மேற்கு ஹாலந்தில் பட்டினி நேர்ந்தபோது, கருவின் கடைசி மூன்று மாதங்களில் சிக்கிய குழந்தைகள் ஏறக்குறைய 300 கிராம் குறைந்து பிறந்தன. கருவின் தொடக்கத்தில் மட்டும் பட்டினி கண்டு, பின்னர் உணவு பெற்ற தாய்மாரின் குழந்தைகளோ எடையில் குறையவில்லை. ஆயினும் நடுவயதில் அவர்களை இதயநோய் மிகுதியாகத் தாக்கியது. தராசு பெரிய சாட்சி. முழுச் சாட்சி அன்று.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்ற பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதனை நடத்திய காலத்தில் கர்ப்பிணிகளின் உணவு தனி ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இரும்புடன் ஃபோலிக் அமிலமும் பெற்ற ஏழைத் தாய்மாருக்கு எடை கூடிய குழந்தைகள் பிறந்ததை லீலா ஐயங்கார் முதலியோர் 1970-களில் காட்டினார்கள். 1970-இல் அரசாங்கம் இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரையை நாடெங்கும் வழங்கத் தொடங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி கையில் வாங்கும் மாத்திரையில், வில்ஸ் அம்மையாரின் கரிய பசை மறைந்திருக்கிறது என்று சொல்லலாம்.

1993 முதல் புனேயைச் சார்ந்த ஆறு கிராமங்களில் டாக்டர் யாக்னிக் முதலியோர் நடத்திய ஆய்வு மற்றோர் உண்மையை வெளியிட்டது. அங்கே குழந்தைகளின் சராசரி எடை ஏறக்குறைய 2,660 கிராம். தாய் எவ்வளவு சோறும் ரொட்டியும் உண்டாள் என்பதைக் காட்டிலும், கீரை, பழம், பால் எத்தனை முறை உண்டாள் என்பதே எடையோடு ஒட்டி நின்றது. தாயின் குருதியில் ஃபோலிக் சத்து மிக்கிருந்தால் குழந்தையும் பெருத்திருந்தது. ஆயினும் ஃபோலிக் மிகுந்து பி-12 குறைந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவின் முன்குறிகள் காணப்பட்டன. தனி மாத்திரை மட்டும் போதாது. உணவும் நிறைவாயிருக்க வேண்டும்.

வில்ஸ் உழைத்த அதே நகரத்தில், மும்பை என்று பெயர் மாறிய பின், 2006-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஏழை வட்டாரங்களில் 6,500 பெண்களுக்கு, கருவுறுவதற்கு முன்பிருந்தே நாள்தோறும் ஒரு சிற்றுண்டி கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்த சமோசா போன்ற பண்டம். மீதிப் பேருக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் போன்ற சத்துக் குறைந்த பொருள்களால் ஆனது. 2014-இல் முடிவு வெளியாயிற்று. எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் எடையில் தெளிவான வேறுபாடு இல்லை. கருவுறுமுன் மூன்று மாதமேனும் உண்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையளவு, கூடியிருந்தன. மிக மெலிந்த தாய்மாருக்கு அந்தப் பலனும் சரியாகக் கிட்டவில்லை. கர்ப்பகால நீரிழிவு மட்டும் நன்கு குறைந்தது. ஏமாற்றம்போல் தோன்றும் இம்முடிவு ஒரு பெரிய பாடம். ஒன்பது மாத ஊட்டம், ஒரு பெண் பிறந்தது முதல் பட்ட பசியை ஈடுகட்டிவிடாது. பெண் குழந்தையின் தட்டிலிருந்தே பேரக் குழந்தையின் எடை தொடங்குகிறது.

இப்போது நம் கடைத்தெருவைப் பார்ப்போம். பிஸ்கட், மைதாப் பண்டம், பொட்டலத்துச் சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், வண்ணப் பானங்கள் மூலைமுடுக்கெல்லாம் தொங்குகின்றன. பிரேசில் நாட்டு அறிஞர் கார்லோஸ் மொண்டெய்ரோ 2009 முதல் இவற்றை 'மிகையாகப் பதப்படுத்திய உணவு' என்று வேறு பிரித்தார். அந்த ஒரு அடைமொழி, என் மொழிபெயர்ப்புச் சங்கடத்தையும் ஓரளவு தீர்த்தது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள், இவற்றை மிகுதியாக உண்ணும் கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால நீரிழிவும் இரத்த அழுத்த நோயும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்கிறார்கள். எடை குறைவோடு நேர்த் தொடர்பு ஒரே சீராகத் தென்படவில்லை. அதில் வியப்பில்லை, நீரிழிவு குழந்தையை அளவுக்கு மீறிப் பெருக்கவும் கூடும், சத்தின்மை அதைச் சிறுக்கச் செய்யவும் கூடும். இரண்டும் ஒரே தட்டிலிருந்து வரலாம். ஐதராபாத் நிலையம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளும் இவ்வகைப் பண்டங்களைக் குறைக்குமாறு எச்சரிக்கின்றன.

வரலாறு கூறும் விடை இதுதான். பதப்படுத்துவது குற்றமன்று. புழுங்கலரிசியும் மார்மைட்டும் பதப்படுத்தியவையே, அவை காத்தன. உணவிலிருந்து எதைக் கழித்தோம், கழித்த இடத்தில் எதை நிரப்பினோம், நல்லதை வாங்கும் சக்தி யாருக்கு இருக்கிறது என்பவையே கேள்விகள். தவிடு கழிந்தது, ஈஸ்ட் கழிந்தது. கழித்தவற்றிலேயே உயிர் காக்கும் பொருள் இருந்தது. வீட்டிலே எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்ணைப் பார்த்து, 'நீ ஏன் கீரை தின்னவில்லை' என்று கேட்பது நியாயமன்று. 2019-21 கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 52 பேர், இரத்தசோகை உடையவர்கள். வில்ஸ் அம்மையார் மறைந்தது 1964-இல். அவர் காட்டிய வழி மலிவானது, எளியது. கொல்லையில் ஒரு முருங்கை, குழம்பில் ஒரு பிடி கீரை, நாள் தவறாமல் ஒரு மாத்திரை. இவற்றோடு, வீட்டில் முதற்பந்தியில் அவளுக்கும் ஓர் இலை போட்டால், அடுத்த தலைமுறையின் தராசு முள் தானே நிமிரும்.